அடிவயிற்று நோவும் மனமும்: யாழ்ப்பாணத்து இயன்மருத்துவ நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

நல்லூரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியாக இருபாலைப் பக்கம் போகும்போது, ஒரு வீட்டின் முன்பகுதியைத் திருத்தி அமைத்த சிறிய தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையம் ஒன்று இருக்கிறது. முதுகு நோ, முழங்கால் நோ, பாரிசவாதம் என்று வருபவர்களுக்கு நடுவில், இடுப்புக்குழித் தசைகளுக்கான, அதாவது இடுப்பெலும்புக்கு உட்புறமுள்ள தசைகளுக்கான சிகிச்சையையும் அங்கே ஒரு பெண் இயன்மருத்துவர் செய்கிறார். சனிக்கிழமைகளில் ஓர் உளவளத்துணையாளரும் வருகிறார். எல்லாச் சிகிச்சையையும் தனியொருவராகப் பார்ப்பதால் வருகிறவர்களின் தொகை கூடினால் தாங்காது, பெயரை எழுத வேண்டாம் என்று இயன்மருத்துவர் கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். ஆனாலும் நாட்பட்ட அடிவயிற்று நோவோடு பல மாதங்களாக அங்கே போய்வருகிற ஒருத்தி என்ற முறையில், அந்தச் சேவையில் எது நன்று, எது குறை என்று எழுதிவைப்பது, இதே நோவோடு வேறிடங்களில் உதவி தேடுகிறவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். குறைந்தபட்சம், போகும் இடத்தில் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதாவது தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிலையத்தின் பெரிய பலம், நோயாளியின் மனநிலையைப் பற்றி அவர்கள் எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நாட்பட்ட அடிவயிற்று நோவோடு அலையும் பெண்ணுக்கு வழக்கமாக முதலில் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும், பிறகு ஸ்கான், பிறகு இரத்தப் பரிசோதனை, சிலருக்கு வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் உள்ளே பார்க்கும் லப்பறஸ்கோப்பியும். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தபின், எழுந்து போகிற நேரத்தில், "வீட்டில ஏதும் பிரச்சினையோ, கனக்க யோசிக்கிறனீங்களோ?" என்ற கேள்வி வரும். தனியார் வைத்தியசாலை ஒன்றில் எனக்கும் அப்படித்தான் நடந்தது. கேள்வியில் பிழை இல்லை. ஆனால் ரிப்போட்டில் எதுவும் அகப்படாத காரணத்தால் அது கேட்கப்படும்போது, விசாரிப்பாக இல்லாமல் தீர்ப்பாக வந்து விழுகிறது. உண்மையான பதில் "ஓம்" என்றாலும் அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் அதைச் சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நோவைப் பற்றி எவரும் பார்க்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே அந்தக் கேள்வி முதல் நாளே, நான் கொண்டுபோன ரிப்போட் கோவையைத் திறப்பதற்கு முன்பே வந்தது. நோ எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது என்று கேட்ட அதே தொனியில், இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, முன்பு விருப்பத்தோடு செய்த எந்த வேலைகளை விட்டுவிட்டீர்கள், அழுகை வருவதுண்டா, கோபம் வருவதுண்டா என்றும் இயன்மருத்துவர் கேட்டார். நெடுநாள் நோவோடு வாழும் எவருக்கும் நித்திரையும் மனமும் பாதிக்கப்படும், அதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்னுடைய வேலையும் பாதியில் நிற்கும் என்று காரணத்தையும் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது நாடி பார்ப்பதற்குக் கையைக் கொடுப்பது மாதிரியே இருந்தது.

பின்னர் இரண்டு தாள்கள் தருகிறார்கள். ஒன்று மனச்சோர்வை அளக்கும் பீ.எச்.கியூ-9, மற்றையது பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7. உலகம் முழுவதும் பயன்படும் இந்த வினாக்கொத்துகளில் முதலாவதில் ஒன்பது கேள்விகள், புள்ளிகள் 0 இலிருந்து 27 வரை. இரண்டாவதில் ஏழு கேள்விகள், 0 இலிருந்து 21 வரை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கின்றன. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அதுவே நோய் நிர்ணயம் ஆகிவிடாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். நித்திரைக் குறைவு, களைப்பு, பசியின்மை ஆகியவை நோவினாலும் வரக்கூடியவை என்பதால், நோவுள்ளவருக்குப் புள்ளிகள் சற்று உயர்ந்தே இருக்கும் என்ற எச்சரிக்கையும் அதோடு வந்தது. முதல் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருந்தால் நல்லது என்ற எண்ணம் வந்ததுண்டா என்பதைப் பற்றியது. பல இடங்களில் அந்தக் கேள்வியை அவசரமாகக் கடந்துவிடுவார்கள், அல்லது பதிலைப் பார்த்துப் பதறிவிடுவார்கள். இவர் என் பதிலைப் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். எண்ணம் மட்டுமா, செய்வதற்கு ஏதும் யோசித்ததுண்டா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றதும், அந்த எண்ணம் திரும்பி வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டு, ஒரு பெயரை என்னையே எழுதவைத்தார். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும், அது எந்த நேரமும் இயங்கும் என்பதையும் அதன் கீழே எழுதித் தந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்த நிலையத்துக்கு நான் உயர்ந்த மதிப்பெண் கொடுப்பேன்.

நோவின் தன்மையைப் பற்றி அவர் சொன்ன விளக்கமும் குறிப்பிடத் தக்கது. தொப்புளுக்குக் கீழே ஆறு மாதங்களோ அதற்கு மேலோ விட்டுவிட்டோ தொடர்ந்தோ இருக்கும் நோவையே பொதுவாக நாட்பட்ட இடுப்புக்குழி நோவு என்கிறார்கள். அதற்குக் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ், கிருமித்தொற்று இல்லாமலே எரிவையும் அவசரத்தையும் தரும் சிறுநீர்ப்பை நோவு, குடலின் எரிச்சல் நோய், சத்திரசிகிச்சைக்குப் பின் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்வது, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், நரம்பு நோவு என்று பலவும் ஒரே பெண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கலாம். எண்டோமெற்றியோசிஸ் மாத்திரமே உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு, அதாவது சுமார் 190 மில்லியன் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சாதாரண ஸ்கானில் தெரியாமலும் போகலாம். தவிரவும், நோ நெடுங்காலம் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையடைந்துவிடுகிறது. ஆரம்பத்தில் இருந்த காரணம் தணிந்த பின்னும் சிறிய தொடுகையும் நிரம்பிய சிறுநீர்ப்பையும் நோவாகவே உணரப்படும். கள்ளன் வந்துபோன வீட்டு நாய், அதற்குப் பிறகு பனையோலை சரசரத்தாலும் குரைக்கும் என்று அவர் சொன்னார். எனக்கு நரம்பியல் விளக்கங்கள் எல்லாவற்றையும் விட அது நன்றாக விளங்கியது. நோவு பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979 இல் தந்து 2020 இல் திருத்திய வரைவிலக்கணமும், நோவை உடலின் உணர்வாகவும் மனத்தின் அனுபவமாகவும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. நம் ஊரில் இன்னும் இரண்டையும் இரண்டு வாசல்களில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

உடற்பரிசோதனையைப் பற்றித்தான் பெரும்பாலான பெண்கள் தனிப்பட்ட முறையில் என்னிடம் கேட்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் நாளில் உட்பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. நிற்கும் விதம், நடக்கும் விதம், மூச்சு விடும் விதம், இடுப்பு மூட்டின் அசைவு, தொடையின் உட்புறத் தசைகள், வயிற்றுச் சுவர் ஆகியவற்றைப் பார்த்தார். நோகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தலையைச் சற்று உயர்த்தச் சொன்னார். நோ கூடினால் அது வயிற்றுச் சுவரிலிருந்து வருவதற்கு வாய்ப்பு அதிகம், குறைந்தால் உள்ளே இருந்து வரலாம். கார்னெற் என்ற மருத்துவர் 1926 இல் எழுதிய இந்த எளிய சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அதுவரை என்னைப் பார்த்த எவரும் அதைச் செய்திருக்கவில்லை. பின்னொரு நாளில், கையுறை அணிந்த ஒரு விரலால் உட்தசைகளைப் பார்ப்பதன் நோக்கம் என்ன, எப்படிச் செய்வார், எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம் என்பவற்றைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டாம். திருமணமாகாத பிள்ளைகளுக்கும், விரும்பாதவர்களுக்கும், வெளியிலிருந்தே செய்யக்கூடிய சிகிச்சை போதுமான அளவு இருக்கிறது என்பதை அவர் வற்புறுத்திச் சொல்வது பாராட்டுக்குரியது. அறையில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். துணைக்கு வந்த அம்மாவை வெளியே இருக்கச் சொல்லவும் உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டாவதுதான் கடினம்.

சிகிச்சை என்று பார்த்தால் மிகப் பெரும் பகுதி மூச்சுதான். "அக்கா, நோகேக்க மூச்சைப் பிடிக்கிறியள், தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது. வயிறு மேலெழும்படி மெதுவாக மூச்சை இழுக்கும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க, இடுப்புத் தளத் தசைகளும் அதோடு தளர்ந்து இறங்குகின்றன; மூச்சைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தசைகள் நாள் முழுவதும் இறுகியே கிடக்கின்றன. இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "பெண்களுக்கான இடுப்புப் பயிற்சி" என்று காணொளிகளில் வருபவை அனேகமாக எல்லாம் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் கேகல் பயிற்சிகள். ஆர்னல்ட் கேகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் 1948 இல் அவற்றை எழுதியது பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காக, அதாவது தசைகள் தளர்ந்தவர்களுக்காக. ஏற்கெனவே இறுகிய தசையால் நோகிறவர் அதையே செய்தால் நோ கூடலாம். எது உங்களுடையது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்காகவே இந்தச் சேவைக்குக் காசு கொடுப்பது தகும்.

மற்றவை சுருக்கமாக: முழந்தாளிட்டு முன்னால் குனிந்து கிடக்கும் நிலை, குந்தியிருந்து இடுப்பைத் தளர்த்தும் நிலை, தொடைத் தசைகளை நீட்டுவது. குந்தியிருக்கும்போது மலவாசலைச் சுற்றிய தசை தளர்கிறது என்பதால், கொமோட் உள்ள வீட்டில் காலுக்குக் கீழே ஒரு சிறிய பலகை வைக்கச் சொல்கிறார்கள். பழைய குந்து மலசலகூடத்தை இடித்துவிட்டு கொமோட் கட்டிய எங்கள் வீட்டில் இப்போது பலகைக்குத் தச்சரைத் தேட வேண்டியதாயிற்று! தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் டென்ஸ் கருவியை முற்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகிறார்கள். கடையில் வாங்க முன் பயன்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்பதால் இது நல்ல ஏற்பாடு. எனக்கு அது போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் உதவியது. சுடுதண்ணிப் பையை விட வேண்டாம் என்றார்கள், ஆனால் துணி சுற்றாமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக வைத்தால் தோலில் வலைபோன்ற செங்கபில நிறத் தழும்பு விழும்.

என் மனநிலையில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது, நான் எதிர்பாராத ஒன்று: வேலையைப் பகிர்ந்து செய்யும் திட்டம். நோ குறைந்த நாள் ஒன்று வந்தால், விட்டுப்போன வேலையெல்லாம் அன்றைக்கே முடிந்துவிட வேண்டும் என்று முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்த்து, மா வறுத்து, பிள்ளைகளின் கொப்பிகளையும் திருத்தி முடிப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். அதற்கு அடுத்த நாட்களில் எழும்ப முடியாது. எழும்ப முடியாத நாட்களில் "ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வரும், அந்த எண்ணத்தைப் போக்கவே அடுத்த நல்ல நாளில் மறுபடி எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வோம். இந்தச் சுழற்சியை ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டினார்கள். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு வேலை, அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை இருக்கும் நிலையில் மாற்றம், நோ வந்த பிறகு ஓய்வதற்குப் பதிலாக நோ வருமுன் ஓய்வது என்பதே திட்டம். கேட்பதற்கு எளிது. நல்ல நாளில் பாதி முற்றத்தைக் கூட்டிவிட்டுத் தும்புத்தடியைச் சாத்துவதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமிக்கு விளக்கம் சொல்ல எவ்வளவு வேண்டும் என்பதும் செய்தவர்களுக்குத் தெரியும்.

உளவளத்துணையாளர் நடுத்தர வயதுப் பெண். மருந்து எழுதுபவர் அல்லர். மருந்து தேவை என்று தோன்றினால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புகிறார், அங்கே கட்டணமும் இல்லை. அவருடைய அமர்வுகளில் என் நோவைப் பற்றிப் பேசியதைவிட, நோவைச் சுற்றி நான் கட்டிவைத்திருந்தவற்றைப் பற்றிப் பேசியதே அதிகம். கலியாண வீட்டில் நெடுநேரம் இருக்க முடியாது என்று போகாமல் விட்டது, பிறகு யாரும் அழைக்காமல் விட்டது, அதை நினைத்து நித்திரை கெட்டது, நித்திரை கெட்டதால் அடுத்த நாள் நோ கூடியது என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும் சங்கிலியை அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் வீட்டுக்குள்ளேயே கழித்த ஒருத்தியிடம், தேருக்குப் போகவேண்டாம், சனம் குறைந்த ஒரு நாளின் காலைப் பூசைக்கு அரைமணித்தியாலம் போய்விட்டு வரலாமா என்று அவர் கேட்டார். "ஒண்டும் விசேஷம் இல்லையோ?" என்று கேட்கும் உறவினருக்கு, கோபமில்லாமலும் கூனிக்குறுகாமலும் சொல்லக்கூடிய ஒரு வரியை உளவளத்துணையாளரோடு இருந்து தயாரித்தேன். அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை, அது என்னுடையது.

கணவரையும் ஒருநாள் அழைத்துவரச் சொல்கிறார்கள். தாம்பத்திய உறவின்போது வரும் நோவைப் பற்றி நம்மவர்கள் நான்கு சுவர்களுக்குள்ளும் பேசுவதில்லை. மனைவி விலகுவதை வெறுப்பாகக் கணவரும், அவருடைய மௌனத்தைக் கோபமாக மனைவியும் எடுத்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்துவிடுவார்கள். இயன்மருத்துவர் ஒரு பிளாஸ்ரிக் இடுப்பெலும்பு மாதிரியை மேசையில் வைத்து, எந்தத் தசை, எதனால் இறுகுகிறது, அது இறுகினால் எப்படி நோகும் என்று ஒரு பாடம் போலவே சொன்னார். பாடமாக இருந்ததால்தான் என் கணவரால் கேள்வி கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

போரையும் இடப்பெயர்வையும் கண்ட மண்ணில், காரணம் தெரியாத எந்த நோவையும் "மனவடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம் படித்தவர்களிடமும் உண்டு. கடந்தகாலத் துன்பங்களுக்கும் நாட்பட்ட இடுப்புக்குழி நோவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நோவுள்ள எல்லாருக்கும் அப்படியொரு கதை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம், கதை இருப்பவருக்கும் அதை முதல்நாளே சொல்லவேண்டிய கடமை இல்லை. இங்குள்ளவர்கள் அந்த வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே தள்ளாமல் நிற்கிறார்கள்.

மருந்துகளைப் பற்றி நிலையம் கருத்துச் சொல்வதில்லை; எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்கச் சொல்கிறது. அது சரியான நிலைப்பாடு. ஆயினும் ஒரு தகவலை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் கபாபென்ரின், அடிவயிற்றில் வெளிப்படையான காரணம் கண்டுபிடிக்கப்படாத பெண்களுக்கும் எழுதப்படுவதுண்டு. 306 பெண்களை வைத்துப் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2020 இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அது மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட நோவைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றும் தூக்கக்கலக்கமும் கூடுதலாக இருந்தன என்று தெரியவந்தது. வேறு காரணத்துக்காக அதை எடுப்பவர்களும் இருப்பதால், எவரும் தாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டுபோகலாம். அமிற்றிரிப்ரிலின் சிறிய அளவில் எழுதப்பட்டால், "எனக்கு மனநோய் மருந்து தந்துவிட்டார்கள்" என்று குப்பையில் போடுபவர்களும் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்தாகவே அது அறிமுகமானது உண்மைதான், ஆனால் அதைவிடக் குறைந்த அளவில் நோவுக்கும் நித்திரைக்கும் கொடுக்கப்படுகிறது. சித்த மருந்து எடுப்பவர்களை இங்கே ஏளனம் செய்வதில்லை. என்னென்ன எடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் தனிமை இன்மை. சிகிச்சை அறையையும் காத்திருக்கும் இடத்தையும் பிரிப்பது ஒரு பலகைத் தட்டி மட்டுமே. உள்ளே பேசுவதில் பாதி வெளியே கேட்கிறது. கதிரையில் இருந்துகொண்டு முழங்கால் நோவுக்காரர் ஒருவரின் பென்சன் பிரச்சினையை முழுவதும் கேட்டேன், அவர் என்னுடையதைக் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புவதற்கு இடமில்லை. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கும் ஓர் இடம், முதலில் செலவழிக்க வேண்டியது அந்தச் சுவருக்குத்தான். குறைந்தது ஒரு வானொலியையாவது வெளியே ஒலிக்கவிடலாம். இரண்டாவது, தொலைபேசி எடுக்கும் பெண் "என்ன வருத்தத்துக்கு?" என்று உரத்துக் கேட்டு, பதிலைத் திரும்பச் சொல்லி எழுதுகிறார். "பெண்கள் சிகிச்சைக்கு" என்று சொன்னால் போதும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதை அவரே முதலில் சொல்லலாம். மூன்றாவது, பயிற்சிப் படங்கள் உள்ள தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இயன்மருத்துவர் பக்கத்தில் தமிழில் கையால் எழுதித் தருகிறார் என்றாலும் அவருடைய நேரம் அதில் போகிறது. உளவளத்துணையாளர் வாரத்தில் ஒருநாள் மட்டும் வருவதால், மிக மோசமான வாரம் செவ்வாய்க்கிழமை தொடங்கினால் சனிவரை காத்திருக்க வேண்டும்.

ஆண்களுக்கு அங்கே ஏறத்தாழ ஒன்றும் இல்லை. ஆண்களுக்கும் இதே நோவு வருகிறது. முன்னிற்கும் சுரப்பி (புரொஸ்டேற்) அழற்சி என்று பெயரிடப்பட்டு மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் கிருமித்தொற்று இருப்பதில்லை, பலருக்குத் தசை இறுக்கமே பங்காற்றுகிறது. அவர்கள் வெளியே சொல்வது பெண்களைவிடவும் குறைவு. ஆண் இயன்மருத்துவர் ஒருவரைப் பகுதிநேரமாகவேனும் சேர்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். பயிற்சி பெற்ற ஆள் கிடைக்க வேண்டும் என்றார்.

கட்டணம் முதல் அமர்வுக்கு 3,000 ரூபா, அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அடுத்தவை 2,000 ரூபா, முக்கால் மணித்தியாலம். உளவளத்துணைக்கு 1,500 ரூபா தனியாக. சிறப்பு மருத்துவர் ஒருவரைச் சனல் செய்து, அதாவது தனியாரில் காசு கட்டி முன்பதிவு செய்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வரும் செலவோடு ஒப்பிட்டால் இது அதிகம் அல்ல. ஆனால் வாரந்தோறும் போக வேண்டிய ஆரம்ப மாதங்களில், தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்குத் தாங்காது. கேட்பவர்களுக்குத் தவணையை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, இடையில் தொலைபேசியில் பயிற்சியை விசாரிக்கிறார்கள். கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வதில்லை. சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக இருக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை ஆகியவற்றுக்காக 35 வயதைத் தாண்டியவர்கள் எப்படியும் போகவேண்டிய இடம் அது. இந்த நோவையும் அங்கே வாய்விட்டுச் சொன்னால் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். இந்த நிலையம் அதற்கு மாற்றீடு அல்ல, அப்படி அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை.

திடீரென்று தாங்க முடியாத நோ, காய்ச்சலோடு கூடிய நோ, கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற நிலையில் நோ, சிறுநீரில் அல்லது மலத்தில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் வைத்தியசாலைக்கே போக வேண்டும். இந்த நிலையமும் அப்படிப்பட்டவரைச் சிகிச்சைக்கு எடுப்பதில்லை. மகப்பேற்று மருத்துவர் ஒருவர் பார்த்த பின்னர் வருவதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

என்னைக் கேட்டால், நோ போய்விடவில்லை. முன்பெல்லாம் நெல்லியடியிலிருந்து 750 பஸ்ஸில் வரும்போது வல்லைவெளியைத் தாண்டுமுன்பே எழுந்து நின்றுவிடுவேன், இப்போது பெரும்பாலும் கோப்பாய் வரை இருந்து வருகிறேன். இரவு விழிப்பது குறைந்திருக்கிறது. அந்த ஒன்பது கேள்வித் தாளின் புள்ளிகள் இறங்கின, நோவின் புள்ளிகள் அதைவிட மெதுவாகவே இறங்கின. இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டியதில்லை என்று உளவளத்துணையாளர் சொல்லியிருந்ததால் நான் ஏமாறவில்லை. மாதவிடாய்க்கு முந்திய வாரம் இன்னும் கடினமாகவே இருக்கிறது, அந்த வாரத்தில் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். காலை எட்டரைக்கு உள்ள முதல் தவணையைக் கேளுங்கள். வெளியே வேறு எவரும் இருக்கமாட்டார்கள், தட்டி பற்றிய கவலை இல்லை. தளர்வான உடுப்பு அணியுங்கள். பழைய ரிப்போட்களோடு, இரண்டு மூன்று வாரங்களுக்கு நோ, நித்திரை, மாதவிடாய், சிறுநீர் ஆகியவற்றைக் குறித்த ஒரு கொப்பியைக் கொண்டுபோனால் முதல் அமர்வில் பாதி நேரம் மிச்சமாகும். சிகிச்சை அறைக்கு அடுத்தே சுத்தமான மலசலகூடம் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. சனிக்கிழமைத் தவணைகள் வியாழனுக்குள் நிரம்பிவிடும்.